தச்சரா கொத்தனாரா

தச்சருக்குத் தன் தொழிலைப் பற்றி இருந்த பெருமை லேசுப்பட்டதல்ல. உலகத்தில் எத்தனையோ வேலைகள் இருக்க, கடவுளின் மகன் பூமிக்கு வந்தபோது கையில் எடுத்தது உளியையும் சுத்தியலையும்தான் என்று சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டார். கேட்டதை அப்படியே மனதில் முடிந்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவருக்கு முன்னால் டாக்டர் என்றோ வக்கீல் என்றோ யார் பெருமை பேசியும் எடுபட்டதில்லை. பட்டறைக்கு வந்து, நீங்கள் செய்த நாற்காலி ஆடுகிறது என்று யாராவது குறை சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். நாற்காலி ஆடாது, உங்கள் வீட்டுத் தரைதான் சரியில்லை என்று நிதானமாக விளக்குவார். அந்தத் தரையைப் போட்டது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அது அவருடைய மைத்துனராகத்தான் இருக்கும்.

மைத்துனர் கொத்தனார். தச்சருடைய மனைவியின் உடன்பிறந்த தம்பி. ஒருவர் சுவர் எழுப்புவார், மற்றவர் கதவும் ஜன்னலும் மாட்டுவார். இரண்டு பேரும் சேர்ந்தே வேலை பிடித்து, சேர்ந்தே முடித்து, சேர்ந்தே டீ குடித்துப் பல வருடங்கள் ஓடிவிட்டன. கொத்தனாரின் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அவருக்கு ஞாயிறும் வேலை நாள் என்பதால், ஆராதனை முடிந்ததும் கொத்தனார் சாப்பிடுவது அக்கா வீட்டில்தான். அக்கா என்றால் தச்சரின் மனைவி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் துணி தைத்துக் கொடுப்பவர். வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் இங்கேயும் அவர் அக்காதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில்தான் தச்சர் வாராவாரம் மைத்துனரின் காலை வாருவார்.

"இயேசு மட்டும் கொத்தனாரா இருந்திருந்தா கல்லறையிலிருந்து மூணாம் நாள் எழுந்திருச்சிருப்பாரா மாப்ளே? கலவை இன்னும் காயல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பாரு" என்பார்.

கொத்தனார் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். வேறு விஷயமாக இருந்தால் அவருக்கும் வாய் நீளம்தான். செங்கல் சூளைக்காரரையும் மணல் லாரிக்காரரையும் ஒரே பேச்சில் மடக்கக்கூடியவர். ஆனால் இதில் வேதமே எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்ய முடியும்? இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்பதோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான் திருச்சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்து சேர்ந்தார். வந்தவர் பெண். அதுவரை பாஸ்டரம்மா என்றால் பாஸ்டரின் மனைவி என்று அர்த்தம். இப்போது பாஸ்டரே அம்மாவாக இருந்ததால், அவருடைய கணவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் சபை கொஞ்ச நாள் திண்டாடியது. அவர் பல் டாக்டர் என்று தெரிந்ததும் பிரச்சினை தீர்ந்தது. சபையில் பாதிப் பேர் ஞாயிறன்று மனைவிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டும், திங்களன்று கணவருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டும் உட்காரத் தொடங்கினார்கள்.

போதகருக்குக் கிரேக்க மொழி என்றால் உயிர். பிரசங்கத்துக்கு நடுவே, மூல மொழியில் இந்தச் சொல் என்ன தெரியுமா என்று கேட்டுவிட்டு, சொல்வதற்கு முன்பே அவருடைய முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியைப் பார்ப்பதற்காகவே சிலர் தூங்காமல் இருந்தார்கள். கொத்தனார் அந்தச் சிலரில் ஒருவர் அல்ல. ஆலயத்தின் பக்கச் சுவர் அவர் கட்டியது. தான் கட்டிய சுவரில் தானே சாய்ந்து கண்ணயர்வதை அவர் ஒரு உரிமையாகவே வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றின் வேதபகுதி, இயேசு சொந்த ஊருக்குத் திரும்பி வந்து ஜெப ஆலயத்தில் பேசுவதும், ஊரார் அவரைத் தச்சன் என்று குறிப்பிடுவதும் வருகிற இடம். அந்தப் பகுதி வாசிக்கப்படுகிறது என்று தெரிந்தால் தச்சர் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசைக்கு வந்துவிடுவார். அன்றும் வந்திருந்தார்.

போதகர் முகம் மலர்ந்தது. மூலத்தில் அங்கே இருக்கும் சொல் தெக்தோன் என்றார். மரவேலை செய்கிறவரை அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அந்தச் சொல்லின் வாசல் இன்னும் அகலமானது. கைத்திறனால் எதையாவது உருவாக்குகிறவர், கட்டுகிறவர் என்றெல்லாம் அதற்குப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. அந்த வட்டாரத்து வீடுகள் பெரும்பாலும் கல்லால் ஆனவை. மரம் கூரைக்கும் கதவுக்கும் கலப்பைக்கும்தான். ஒரு சின்ன ஊரில் இரண்டு வேலைக்கும் இரண்டு ஆள் இருந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே இயேசு கல்லும் செதுக்கியிருக்கலாம், சுவரும் எழுப்பியிருக்கலாம்.

கல் என்ற சொல் காதில் விழுந்ததும் கொத்தனார் கண்ணைத் திறந்தார். சுவர் என்ற சொல் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், என்ன சொன்னாங்க, திரும்பச் சொல்லுங்க என்று கேட்டார். முன்வரிசையில் தச்சரின் கழுத்து மட்டும் அசையாமல் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் தச்சர் நேராக வீட்டுக்கு நடந்தார். கொத்தனார் போதகரைப் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தையை மெதுவாக இரண்டு முறை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்தார். தன் பிரசங்கத்தை ஒருவர் இத்தனை ஆவலாகக் கேட்டதில் போதகருக்கு ஏக சந்தோஷம். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று சாப்பாட்டு நேரத்தில் கொத்தனார் அவசரப்படவில்லை. முதல் கவளத்தை நன்றாக மென்று விழுங்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னைக்குப் பிரசங்கம் அருமை, இல்லீங்களா அத்தான்?" என்றார்.

"உப்பு கம்மி" என்று தச்சர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

இது அன்றோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. ஆனால் பல வருடங்களாகச் சேர்த்து வைத்த பதில் ஒரே சாப்பாட்டில் தீருமா? திங்கட்கிழமை கொத்தனார் தன் கலவை மெஷினுக்குப் புது வண்ணம் அடித்தார். அதன் வயிற்றில் பெரிய எழுத்தில் 'தெக்தோன்' என்று எழுதவைத்தார். வேலையாட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சிமெண்ட் இறக்க வந்தவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தெக்கத்தியானா, நீங்கள் தெற்கே எந்தப் பக்கம் என்று கேட்டார். கொத்தனார் அவரை நிழலில் உட்காரவைத்து, இயேசுவின் தொழிலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினார். சிமெண்ட் மூட்டைகள் வெயிலில் கிடந்தன. மாலைக்குள் ஆட்கள் எல்லாரும் அவரைத் தெக்தோன் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

அப்போது அவர்கள் இருவரும் கையில் எடுத்திருந்தது ஆலயத்துக்குப் பின்னால் ஞாயிறு பள்ளிக்கு ஒரு புது அறை. சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. இனிமேல் கதவுக்கான நிலையை நிறுத்தி, அதை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டுதான் சுவர் மேலே போக வேண்டும். நிலை வராமல் கொத்தனாருக்கு வேலை ஓடாது. வாசலின் அளவை இன்னொரு முறை சரிபார்க்கத் தச்சர் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். கலவை மெஷினைப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததைப் படித்தார். அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

மதியம் அக்காவின் வழியாகச் செய்தி வந்தது. கல்வேலை மரவேலை இரண்டும் தெரிந்த பெரிய மனிதருக்கு ஒரு நிலை செய்யத் தெரியாதா, அவரே செய்துகொள்ளட்டும் என்று தச்சர் சொல்லியிருந்தார். செய்துகொள்கிறேன் என்று கொத்தனார் பதில் அனுப்பினார். அவரும் ஒரு வரி சேர்த்தார். பட்டறைக்குப் பின்னால் ஒரு சுவர் கட்டித் தரச் சொல்லி அத்தான் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அதையும் அவரே கட்டிக்கொள்ளட்டும்.

அக்கா இந்த மாதிரி செய்திகளை இரண்டு நாள் சுமந்தார். மூன்றாவது நாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு பக்கக் கை மட்டும் தைத்திருந்த சட்டையைத் தச்சர் முன்னால் போட்டார்.

"நான் ஒண்ணும் தபால்காரி இல்ல. இனிமே அவன்கிட்ட எதாவது சொல்லணும்னா நீங்களே போய்ச் சொல்லுங்க. அவனுக்கும் இதேதான். இயேசு மரத்துல செஞ்சாரா கல்லுல செஞ்சாரான்னு எனக்குத் தெரியாது. ரெண்டுலயும் பேசாம வேலையைப் பாத்திருப்பாரு, அது மட்டும் தெரியும்" என்றார்.

தச்சர் பேசாமல் வேலையைப் பார்த்தார். அதாவது, சுவர் கட்டினார்.

ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதில் என்ன பெரிய வித்தை இருக்கப்போகிறது என்பது அவருடைய எண்ணம். மரம் என்றால் அதற்கு ஒரு போக்கு உண்டு, முடிச்சு உண்டு, காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் வீங்கும். செங்கலுக்கு ஏது அந்தக் கதையெல்லாம்? அவர் செங்கலை நனைக்கவில்லை. நனைக்காத செங்கல் கலவையிலிருந்த ஈரத்தை எல்லாம் தாகத்தோடு குடித்துவிட்டது. கலவை மாவாக உதிர்ந்தது. அதற்குப் பரிகாரமாக அடுத்த கலவையில் தண்ணீரை அள்ளி ஊற்றினார். அது கஞ்சியாக வழிந்தது. இடுப்பு உயரம் வந்தபோது சுவருக்குத் தொப்பை விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் விழ வைப்பதாக உத்தேசம், தெரிந்தால் என் பூந்தொட்டிகளை நகர்த்திக்கொள்வேன் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

அங்கே கொத்தனாரின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. கடையில் நல்ல மரமாகப் பார்த்து வாங்கினார். அறுத்தார். நாலு துண்டை மூலைக்கு மூலை சேர்ப்பதில் என்ன இருக்கிறது என்று அவரும் நினைத்திருந்தார். சேர்த்தபோது மேலே இடைவெளி விழுந்தது. அதை ஆப்பு வைத்து அடைத்தால் கீழே வாய் பிளந்தது. கீழே ஆணி அடித்தால் மரம் நீளவாக்கில் வெடித்தது. வெடிப்பில் சிமெண்ட் பூசினார். கைப்பழக்கம் அப்படி. எல்லாம் முடிந்து நிலையை நிமிர்த்தி நிறுத்தியபோது அது யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல முன்பக்கமாகக் கொஞ்சம் குனிந்து நின்றது. ஆட்கள் அதைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். குழாயடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கொத்தனார் நிலையின்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

வேலை நின்றுபோனது போதகரின் காதுக்கு எட்டியது. காரணமும் எட்டியது. அவருக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. தான் சொன்ன ஒரு சொல்லால் ஒரு குடும்பம் பேசாமல் போய்விட்டதே என்று அவர் அன்று மாலையே பட்டறைக்குப் போனார். தச்சர் எழுந்து, மரத்தூளைத் தட்டிவிட்டு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை, மரியாதை இருந்தது.

போதகர் பக்குவமாக ஆரம்பித்தார். அந்தச் சொல்லை மரவேலை என்று எடுத்துக்கொள்வதிலும் தப்பில்லை, பழைய காலத்தில் ஒருவர் இயேசு கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார் என்றார். தச்சரின் முகம் பளிச்சென்று ஆனது. அதை ஞாயிற்றுக்கிழமை மேடையில் சொல்ல முடியுமா என்று கேட்டார். மேடையில் சொன்னால் அடுத்து கலவை மெஷினில் இல்லாமல் ஆலயச் சுவரிலேயே எதையாவது எழுதிவிடுவார்கள் என்று போதகருக்குத் தோன்றியது. ஆகவே தான் பத்திரமாக வைத்திருந்த சமாதான யோசனையை எடுத்தார்.

"நம்ம தமிழ்லயே பாருங்க. தச்சன்னா மரத்துக்கு மட்டுமா? கல்லுல வேலை செய்யறவங்களைக் கல்தச்சன்னு சொல்றோமே. அப்போ நம்ம வார்த்தைக்குள்ளயே ரெண்டு பேருக்கும் இடம் இருக்குல்ல?"



"அப்படீன்னா அங்க கல்தச்சன்னு போட்டிருக்கணும் பாஸ்டரம்மா. வெறும் தச்சன்னுதானே போட்டிருக்கு" என்றார் தச்சர்.

போதகர் எழுந்துகொண்டார். திரும்பும்போது, பின்னால் தெரிந்த அந்தச் சுவர் என்னவென்று கேட்கலாமா என்று நினைத்து, கேட்காமல் வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பக்கச் சுவரை ஒட்டிய அறையில் கட்டடக் குழு கூடியது. குழுவுக்குத் தலைவர் இரும்புக்கடைக்காரர். கம்பியும் ஆணியும் பூட்டும் விற்பவர். நல்ல மனிதர், ஆனால் பேச்சு மட்டும் அவர் விற்கிற கம்பி மாதிரி, எங்கே குத்தும் என்று அவருக்கே தெரியாது. அவருக்கு வலப்பக்கம் போதகர் உட்கார்ந்திருந்தார். தச்சர் பெஞ்சின் ஒரு ஓரத்திலும் கொத்தனார் மறு ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். நடுவில் அக்கா. அவர் குழுவில் உறுப்பினர் இல்லை. இரண்டு பேரையும் நம்பி தனியாக அனுப்ப முடியாது என்று வந்திருந்தார்.

தலைவர் கோபமாக இருந்தார். பிள்ளைகள் இன்னும் மரத்தடியில் உட்கார்ந்து படிக்கிறார்கள், மழை வந்தால் என்ன செய்வது என்றார். நிலை எங்கே என்று கேட்டார். தச்சர் கூரையைப் பார்த்தார். சுவர் ஏன் நிற்கிறது என்று கேட்டார். கொத்தனார் தரையைப் பார்த்தார். யாரோ, கிரேக்க வார்த்தைப் பிரச்சினை என்று மெதுவாகச் சொன்னார்கள். தலைவருக்குப் பொறுக்கவில்லை.

"கிரேக்கா? யாருக்கு? ஒருத்தர் தெருத்தெருவா கதவு மாட்டறவரு, இன்னொருத்தர் சுவத்துக்குப் பூச்சு பூசறவரு. நம்ம எல்லாருக்கும் இவங்களைத் தெரியாதா? இவங்களுக்கு எதுக்குங்க கிரேக்கு? பேசாம வெளியிலிருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து முடிச்சிடலாம்."

தச்சர் எழுந்தார். கதவு மாட்டுகிறவர் என்று தன்னைச் சொன்னதற்காக எழுந்தார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"பூச்சு பூசறவனா?" என்றார் தச்சர். "மழை வெள்ளம் வந்து இந்தத் தெருவுல பாதி வீட்டுச் சுவரு சரிஞ்சப்போ, இந்த ஆலயத்துச் சுவத்துல ஒரு கீறல் விழுந்துச்சா? இப்ப நீங்க சாஞ்சு உக்காந்திருக்கீங்களே, அது என் மச்சான் கட்டினது. அவன் நூல் பிடிச்சா கண்ணை மூடிட்டு நம்பலாம். அவனைப் பூசறவன்னு சொல்லாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான், தான் யாருக்காகப் பேசினோம் என்பது தச்சருக்கே உறைத்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கொத்தனார் மறு ஓரத்தில் எழுந்தார். அத்தான் மாட்டிய கதவு எதுவும் மழைக்காலத்தில் இறுகியதில்லை, வெயில் காலத்தில் ஆடியதில்லை, உங்கள் கடைக் கதவு உட்பட என்று மட்டும் சொன்னார். அக்கா நடுவில் உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல வாயை மறைத்துக்கொண்டார்.

போதகர் மடியிலிருந்த வேதப் புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பழைய இடத்துக்கே போய், மனதுக்குள் ஒரு முறை படித்தார். அவர் முகம் வழக்கம்போல மலரவில்லை. எதையோ கைதவறி உடைத்துவிட்டவர்போல இருந்தார்.

"நான் இவ்வளவு நாளா அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னுதான் பாத்தேன்" என்றார். "அதை யாரு, எந்தக் குரல்ல சொன்னாங்கன்னு பாக்கவே இல்ல. அந்த ஊர்க்காரங்க அதைப் பட்டமா சொல்லல. மட்டமாத்தான் சொன்னாங்க."

பிறகு அவர் சொன்னதன் சாரம் இதுதான். அந்த ஊரார் இயேசு பேசியதைக் கேட்டு முதலில் மலைத்துப்போனார்கள். மலைத்தது அவர்களுக்கே பிடிக்கவில்லை. இவன் நமக்குத் தெரிந்தவன்தானே, நம் வீட்டு வேலைக்கு வந்தவன்தானே, இவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பேச்செல்லாம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குள்தான் அந்தச் சொல் இருக்கிறது. மரம் என்று பொருள் சொன்னாலும் கல் என்று பொருள் சொன்னாலும், அன்று அது அவரைக் கீழே இறக்கி வைக்கச் சொன்ன சொல். அதை அவர் மறுத்ததாகவும் எழுதியிருக்கவில்லை.

தச்சர் மெதுவாக உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க அவர் அந்தச் சொல்லைச் சட்டையில் குத்திய பதக்கமாக நினைத்திருந்தார். அது எந்தத் தொனியில் சொல்லப்பட்டது என்று இப்போதுதான் காதில் விழுந்தது. ஆனால் அந்தத் தொனி அவருக்குப் புதிதல்ல. எத்தனை வீடுகளில் அழைப்பு மணியை அழுத்தி நின்றிருக்கிறார். வந்திருப்பது யார் என்று உள்ளேயிருந்து கேட்பார்கள். யாரும் இல்லை, தச்சன்தான் என்று கதவைத் திறந்தவர் பதில் சொல்வார். பக்கத்தில் கொத்துக்கரண்டியும் கையுமாக நிற்கிற மைத்துனரைப் பற்றிக் கேள்வியே வராது. அப்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போவார்கள். அந்த வாசல்களில் நின்றிருந்தால் இயேசுவும் அப்படித்தான் நின்றிருப்பார் என்று தச்சருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு, இதுவரை இருந்த பெருமையைவிட மனதுக்கு நெருக்கமாக இருந்தது.

இரும்புக்கடைக்காரர் சங்கடத்தில் நெளிந்தார். நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை, மழை வருமே என்ற கவலையில் வாய் தவறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். அவர்களும் பெரிதுபடுத்தவில்லை. இறுக்கம் தளர்ந்ததும் அவர் போதகர் பக்கம் திரும்பி, ஒரு சந்தேகம் கேட்டார்.

"பாஸ்டரம்மா, கம்பி ஆணி விக்கறவங்களுக்கு ஏதாவது கிரேக்க வார்த்தை இருக்குங்களா?"

தேடிப் பார்க்கிறேன், ஆனால் கிடைத்தாலும் சொல்ல மாட்டேன் என்றார் போதகர். அறை முழுக்கச் சிரித்தது. தச்சரும் கொத்தனாரும் சிரித்தார்கள், ஆனால் இன்னும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கூட்டம் கலைந்ததும் அக்கா முன்னால் நடந்தார். அவர் வீட்டுப் பக்கம் போகாமல் ஆலயத்துக்குப் பின்னால் திரும்பினார். ஆண்கள் இருவரும் பின்தொடர்ந்தார்கள். கட்டட இடத்துக்கு வந்ததும் அக்கா அந்தச் சாக்கை இழுத்தார். குனிந்து வணக்கம் சொல்லும் நிலை வெளியே வந்தது.

தச்சர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெடிப்பில் பூசியிருந்த சிமெண்டை விரலால் தடவிப் பார்த்தார். கீழ் மூலையில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

"யாரு செஞ்சது?" என்றார்.

"தெக்தோன்" என்றார் கொத்தனார்.

தச்சருக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல், பக்கத்தில் இருந்த செங்கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொத்தனார் முறைத்துப் பார்த்தார். முறைக்க முடியாமல் அவரும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு அக்கா, "இருங்க, இன்னொண்ணும் இருக்கு" என்றார்.

தச்சரின் சிரிப்பு சட்டென்று நின்றது. வேண்டாம் என்று கையைக் காட்டினார். அக்கா கேட்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

கொத்தனார் சுவருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவர் சிரிக்கவில்லை. குனிந்து அடிவரிசையைப் பார்த்தார், எழுந்து தொப்பையைப் பார்த்தார், ஒரு கண்ணை மூடி மேல் விளிம்பைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பூந்தொட்டிகள் எல்லாம் பாதுகாப்பான தூரத்துக்கு நகர்ந்திருந்தன. கடைசியில் அவர் ஒரு விரலை நீட்டி, கதவு தட்டுவதுபோல லேசாகத் தட்டினார். மேல்வரிசையில் இரண்டு செங்கல் மரியாதையாகக் கீழே இறங்கின.

"செங்கலை நனைச்சீங்களா அத்தான்?"

"நனைக்கணுமா?"

"உங்க மரத்தைக் காய வைக்கற மாதிரிதான். இது தாகமா இருந்தா ஒட்டாது."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தச்சரும் சண்டையாக எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்று கேட்டார். அதற்கு அவர் பதில் சொல்ல, இவர் நிலையின் மூலைகளைச் சேர்ப்பதற்கு முன் எப்படிப் பள்ளம் எடுக்க வேண்டும் என்று சொல்ல, பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அக்கா வீட்டுக்குள் போய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ணி வைத்துவிட்டு, இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்து, அவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்த வாரம் தச்சர் புது நிலை செய்தார். பழைய நிலையைக் கழற்றி, வெடிக்காத மரத்தை எல்லாம் பத்திரப்படுத்தினார். அந்த மரத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு குட்டி பெஞ்சு வரும் என்றார். கொத்தனார் பட்டறைச் சுவரைப் பிரித்துவிட்டு நனைத்த செங்கலில் மறுபடி எழுப்பினார். தச்சர் கலவை குழைத்துக் கொடுத்தார். கலவை மெஷின் வயிற்றில் இருந்த எழுத்து அப்படியே இருந்தது. அழித்துவிடட்டுமா என்று கொத்தனார் கேட்டபோது, வேண்டாம், அந்தப் பெயரில்தான் ஆட்கள் இப்போது உன்னைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தச்சர் சொல்லிவிட்டார்.

நிலை நிறுத்திய நாளன்று வெயில் இதமாக இருந்தது. தச்சர் நிலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ள, கொத்தனார் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். இந்தப் பக்கம் ஒரு நூல் அளவு தள்ளுங்கள் என்றார். தச்சர் நகர்த்தினார். இல்லை, அந்தப் பக்கம் அரை நூல் என்றார். நகர்த்தினார். குண்டு ஆடி அடங்கி நூல் அசையாமல் நின்றதும், பிடித்துக்கொள்ளுங்கள் அத்தான் என்று சொல்லிவிட்டு, நிலையை ஒட்டி முதல் செங்கலை வைத்தார். கரண்டியின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினார். அடுத்ததை வைத்தார். தச்சருக்கு மூக்கின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. கையை எடுக்க முடியாமல் மூக்கைச் சுளித்தார். கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து ஈயை ஓட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"அவசரமில்ல மாப்ளே. மெதுவாவே வை" என்றார் தச்சர்.

மதியம் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். சுவர் இன்னும் பெரும்பாலான இடங்களில் முழங்கால் உயரம்தான். எந்தப் பக்கமும் காலைத் தூக்கி வைத்தாலே உள்ளே வந்துவிடலாம். ஆனால் அவர் அப்படி வரவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, அந்த நிலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வாசல் வழியாகவே உள்ளே நுழைந்தார். இரண்டு ஆண்களும் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.